வண்டி ஹீட் ஆகுதா? பார்ட்டை மாத்துறதுக்கு முன்னாடி எப்போ ஹீட் ஆகுதுன்னு பாருங்க

ஓட்டிட்டு இருக்கும்போதே டெம்பரேச்சர் முள்ளு வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறுதுன்னா முதல்ல ஏசியை ஆஃப் பண்ணுங்க, ஹீட்டரை ஃபுல் சூட்டுக்குத் திருப்பி ப்ளோயரையும் ஃபுல்லா வைங்க. உள்ள வெந்து போவீங்க, கண்ணாடிய இறக்கிக்கோங்க, ஆனா ஹீட்டர்க்குள்ள ஓடுறதும் இன்ஜின் கூலன்ட்தான் (இன்ஜினை ஆத்துற திரவம்), அதனால கொஞ்சம் சூடு அந்த வழியா வெளிய போகும், ஓரங்கட்ட இடம் கிடைக்கிற வரைக்கும் தாங்கும். சிவப்பு லைட் எரிஞ்சுதுன்னா இல்ல பேனட்ல இருந்து ஆவி வந்துதுன்னா அதெல்லாம் வேணாம், உடனே ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, மெக்கானிக் கடை வந்துடும்"னு ஓட்டுறதுலதான் அலுமினிய ஹெட் (இன்ஜினோட மேல் பாகம்) வளையுது, சின்ன ஹோஸ் செலவுல முடிய வேண்டியது ஹெட்டை கழட்டுற வேலையா ஆயிடும்.

சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய தொடவே கூடாது, தயவுசெஞ்சு. உள்ள இருக்கிறது பிரஷர்ல இருக்கு, மூடி சாதாரணமா 1 பார் கிட்ட பிரஷரை தாங்கிப் பிடிச்சிருக்கும், அந்த பிரஷராலதான் கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கு. மூடிய திறந்ததும் பிரஷர் இறங்கி அத்தனையும் ஒரே நேரத்துல கொதிச்சு முகத்துல அடிக்கும், துணி போட்டு திறந்தாலும் அதேதான். அரை மணி நேரத்துக்கு மேலயே விடுங்க, மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்க, சூடு இல்லாம தொளதொளன்னு இருந்தாதான் திறக்கலாம். கொதிக்கிற இன்ஜின்ல பச்சத் தண்ணிய ஊத்தாதீங்க, ஹெட்டு விரிசல் விடலாம்.

ஆறினதும் கூலன்ட் அளவு பாருங்க. குறைஞ்சிருந்தா எங்கயோ போயிருக்கு, அது எங்கன்னு தேடணும், ஊத்திட்டு கிளம்பினா திரும்பவும் இதே கதைதான். ஹோஸ் ஜாயின்ட், ரேடியேட்டர் ஓரம், வாட்டர் பம்புக்கு கீழ, இங்கெல்லாம் காஞ்சுபோன வெள்ளை, பச்சை, இல்ல ரோஸ் கறை இருக்கும். கால் வைக்கிற இடத்துல கார்பெட் ஈரமா, இனிப்பு வாசனையா இருந்தா ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள்ள இருக்கிற சின்ன ரேடியேட்டர்) ஒழுகுதுன்னு அர்த்தம். இன்னொரு விஷயம், கூலன்ட் ரொம்ப குறைஞ்சுட்டா சென்சார் தண்ணிய தொடாம ஆவியில நிக்கும், அப்போ இன்ஜின் வெந்துட்டு இருக்கும்போதே முள்ளு நார்மல் காட்டலாம், நிறைய பேர் இதுல ஏமாந்து போறாங்க.

அளவு சரியா இருக்கு, ஆனாலும் ஹீட் ஆகுதுன்னா எப்போன்னு கவனிங்க. சிக்னல்ல, டிராஃபிக்ல நிக்கும்போது ஏறி, வேகமா போனா இறங்குதுன்னா பெரும்பாலும் ஃபேன்தான். ஓடும்போது எதிர்க்காத்தே ரேடியேட்டரை ஆத்திடும், நிக்கும்போது ஃபேனை விட்டா வேற வழி கிடையாது. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஏசியை போடுங்க, கொஞ்ச நேரத்துல ஃபேன் சுத்தணும். சுத்தலைன்னா முதல்ல ஃபியூஸ், அப்புறம் ஃபேனுக்கு கரண்ட் குடுக்கிற சுவிட்சான ரிலே (பக்கத்துல அதே நம்பர் ரிலே இருந்தா மாத்திப் போட்டுப் பாக்கலாம்), அதுவும் சரின்னா ஃபேன் கனெக்டரை கழட்டி ஃபியூஸ் போட்ட ஒயர்ல பேட்டரியில இருந்து 12 வோல்ட் குடுங்க. அப்பவும் சுத்தலைன்னா மோட்டார் போச்சு. கைய மட்டும் ஜாக்கிரதையா வைங்க, இன்ஜின் ஆஃப்ல இருந்தாலும் சில வண்டில ஃபேன் திடீர்னு ஓட ஆரம்பிக்கும்.

இதுக்கு நேர் எதிரா ஹைவேல இழுத்து ஓட்டும்போதோ, 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிற கொல்லிமலை மாதிரி ஏத்தத்துலயோ மட்டும் ஹீட் ஆச்சுன்னா ஃபேனை விடுங்க, ரேடியேட்டரைப் பாருங்க. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல பூச்சி, தூசி, சருகு அடைச்சிருக்கும், இன்ஜின் பக்கம் இருந்து முன்பக்கமா மெதுவா தண்ணி அடிச்சு கழுவுங்க, பிரஷர் வாஷ் வேணாம், மெல்லிசான தகடு (ஃபின்) எல்லாம் மடங்கிடும். வருஷக்கணக்கா போர் தண்ணி ஊத்தின வண்டின்னா உள்ளயே உப்பு படிஞ்சு அடைச்சிருக்கும். ரேடியேட்டர்ல ஒரு பக்கம் சூடாவும் நடுவுல அங்கங்க சில்லுன்னும் இருந்தா அதுதான்.

தெர்மோஸ்டாட் பத்தி, அதாவது இன்ஜின் சூடேறினதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடுற வால்வு பத்தி, கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா நம்ம ஊர்ல ஹீட் ஆகுதுன்னாலே அதை கழட்டி வீசிடுறாங்க, "இங்க வெயிலுக்கு இதெல்லாம் தேவையில்ல சார்"னு. தேவை. நிறைய வண்டில அது 82ல இருந்து 90 டிகிரிக்குள்ள திறக்க ஆரம்பிக்கும், இன்ஜின் அந்த சூட்டுல ஓடுற மாதிரிதான் டிசைன் பண்ணியிருக்காங்க, கழட்டிட்டா சரியா சூடேறாம பெட்ரோல் கூட குடிக்கும், இன்ஜின் தேய்மானமும் ஜாஸ்தி. சில டிசைன்ல பைபாஸ் வழி மூடாமலே இருந்துடும், கூலன்ட் ரேடியேட்டருக்கு போகாம அப்படியே திரும்பி வந்து இன்னும் ஹீட் ஆகும். சந்தேகமா இருந்தா கழட்டி ஒரு பாத்திரத்துல தண்ணியோட அடுப்புல வைங்க, கொதிக்கிறதுக்குள்ள திறக்கணும், ஆறினா மூடணும். இல்லைன்னா புதுசு போடுங்க, இந்த லிஸ்ட்லயே விலை கம்மியான பார்ட்டுகள்ல அது ஒண்ணு.

ஒழுகல் எங்கயும் இல்ல ஆனா கூலன்ட் குறையுது, சைலன்சர்ல இனிப்பு வாசனையோட வெள்ளைப் புகை விடாம வருது, ஆயில் மூடிக்கு அடியில பால் கலந்த காபி கலர்ல படிஞ்சிருக்கு, ஸ்டார்ட் பண்ணின உடனே ரேடியேட்டர்ல குமிழி வருது, இதுல ஒண்ணு ரெண்டு சேர்ந்து இருந்தா ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற சீல்) போயிருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டாதீங்க, தூக்கிட்டுப் போங்க. கழட்டினா ஹெட்டை லேத்துல குடுத்து வளைவு செக் பண்ணாம கேஸ்கட்டை மட்டும் மாத்தி மூட விடாதீங்க.

கடைசியா கூலன்ட் ஊத்துறது. கலர் பாத்து வாங்காதீங்க, மேனுவல்ல போட்டிருக்கிற டைப்பை பாத்து வாங்குங்க, கான்சன்ட்ரேட்டா இருந்தா டிஸ்டில்ட் வாட்டர் கலந்துக்கோங்க. வண்டி முன்பக்கம் கொஞ்சம் உயரமா இருக்கிற மாதிரி நிறுத்தி, ஹீட்டரை ஃபுல் சூட்ல வெச்சு மெதுவா நிரப்பி ஐடில்ல விடுங்க, காத்து குமிழி குமிழியா வெளிய வரும், குறைய குறைய ஊத்துங்க, அப்புறம் மூடிய போட்டு ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் பாருங்க. மறுநாள் காலைல இன்ஜின் ஆறியிருக்கும்போது அளவு திரும்ப செக் பண்ணணும், கொஞ்சம் இறங்கியிருந்தா பரவாயில்ல. பழைய கூலன்ட்டை மட்டும் தெருவுல ஊத்திடாதீங்க, பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால்தான், இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்கினா கிட்னி போய் செத்துடும், கேன்ல புடிச்சு மூடி பேர் எழுதி ஒர்க்‌ஷாப்ல குடுத்துடுங்க.