பெயர் தெரிந்த பிறகு செய்யும் தவறுகள்

போன ஞாயிறு எங்கள் வீட்டு முகப்பில் ஒரு தம்பி வந்து உட்கார்ந்தார். முப்பது வயதிருக்கும். ஏ.டி.ஹெச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத மூளை அமைப்பு, என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. "ஆச்சி, இனிமே யாருக்காகவும் நடிக்கப் போறதில்ல. போன்ல இருந்த அலாரத்தப் பூரா அழிச்சுட்டேன்" என்றார். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

எனக்கு 41 வயதில் ஏ.டி.ஹெச்.டி. என்று தெரிந்தது, அடுத்த வருஷம் ஆட்டிசமும் என்று தெரிந்தது. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடே 2013-ல்தான் ஏற்றுக்கொண்டது. இப்போது என்னைப் போலப் புதிதாகத் தெரிந்துகொண்ட நாலைந்து பேர் மாதம் ஒருமுறை காரைக்குடியில் எங்கள் வீட்டில் கூடுகிறோம். மருந்தைத் தானாக நிறுத்தாதே, ரீல்ஸ் பார்த்து முடிவு கட்டாதே என்பதையெல்லாம் டாக்டரே சொல்லிவிடுவார். நான் சொல்லப்போவது, நானே செய்து சூடுபட்டவை.

ஊன்றுகோலை முகமூடி என்று நினைப்பது

எனக்குத் தொழில் பலகாரம். சீப்புச் சீடை, மாவுருண்டை, தேன்குழல், அதிரசம். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), பிள்ளைகளுக்குச் செய்யும் புதுமை என்று வருஷம் முழுக்க ஆர்டர் இருக்கும்.

சின்ன வயதில் எதையும் மறப்பேன். செருப்பைக் கோயிலில் விட்டுவிட்டு வீடு வரை வெறுங்காலோடு வந்துவிட்டுத் திரும்ப ஓடுவேன். பர்மாவுக்குக் கொண்டுவிக்க (கடல் தாண்டித் தொழில் செய்ய) போன எங்கள் ஐயா (தாத்தா), அங்கே கடையில் பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, மேலாளுக்கு அடுத்த இடமான அடுத்தாள் வரைக்கும் வந்தவர். அவர்தான் எனக்குச் சிட்டை, அதாவது அன்றன்றைக் குறிப்பு நோட்டு, எழுதப் பழக்கினார். கேட்டதும் எழுது, எழுதிவிட்டுப் பேசு. ராத்திரி அதைப் பேரேட்டில் ஏற்று. முப்பது வருஷம் அந்தச் சிட்டைதான் என்னை நடத்தியது. ஊரில் என்னை "ரொம்பக் கணக்கான ஆச்சி" என்பார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்.

டயக்னோசிஸ் வந்ததும் மாஸ்கிங் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டேன். நம்மிடம் இல்லாத ஒன்றை இருப்பதுபோல் காட்டிக் காட்டிக் களைத்துப் போவது. படித்தபோது அழுதேன், உண்மைதான். ஆனால் அந்த அழுகையோடு அழுகையாகச் சிட்டையையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டேன். 'இத்தனை வருஷம் ஒழுங்கான பொம்பளை மாதிரி நடித்திருக்கிறேன், இனி நான் நானாக இருக்கப்போகிறேன், கையில்தான் மாத்திரை இருக்கிறதே' என்று நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

மாத்திரை என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. நான் போடும் ஏ.டி.ஹெச்.டி. மருந்தான மெத்தில்பெனிடேட்டில் சாதாரண வகை நாலு மணி நேரம் போல வேலை செய்யும். நீண்ட நேர வகையும், காலையில் போட்டால் ராத்திரிக்குள் இறங்கிவிடும். எனக்கு ஆர்டர் வருவதோ ராத்திரி ஏழு மணிக்கு மேல், வீட்டுக்காரர்கள் சாவகாசமாக உட்கார்ந்து பேசும் நேரத்தில். அப்படியே மருந்து உடம்பில் இருந்தாலும், கவனத்தை ஒரு இடத்தில் நிறுத்த அது உதவும், அவ்வளவுதான். தேதியை அது எழுதி வைக்காது.

இரண்டாவது மாதம் ஒரு விடியற்காலை போன். "ஆச்சி, வண்டி கிளம்பிருச்சா?" எந்த வண்டி? தேவகோட்டைப் பக்கம் ஒரு சாந்தி. நானூறு தாம்பூலப் பைக்குச் சீப்புச் சீடையும் மாவுருண்டையும். போனில் சரி சரி என்று சொல்லி, முன்பணமும் வாங்கியிருக்கிறேன். ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதவில்லை. அடுப்பு பற்ற வைத்து ஆகிற வேலையா? தெரிந்த மூன்று வீடுகளில் கெஞ்சி, இருந்ததை இருந்த விலைக்கு வாங்கி அனுப்பினேன். பாதிப் பைகள் சீடை இல்லாமலே போயின. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வீட்டார் அதற்குப் பிறகு என்னிடம் ஒரு தேன்குழல்கூடச் சொன்னதில்லை. அது மட்டுமா, ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் இரண்டு மாதம் விட்டுப்போயிருந்தது. மாதாமாதம் 20-ம் தேதி, தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய். அதையும் சிட்டைதான் எனக்கு நினைவுபடுத்திக்கொண்டிருந்தது.

இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. பணத்தைவிட, அந்த நோட்டு என்னுடையது என்று எனக்கே தெரியாமல் போனதுதான் எரிச்சல். அது பிறருக்குக் காட்டப் போட்ட வேஷமே இல்லை. என் மூளை எப்படி வேலை செய்யும் என்று தெரிவதற்கு முன்பே, அதற்கு ஏற்றபடி நான் செய்துகொண்ட ஊன்றுகோல்.

இப்போது வருகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: வீட்டில் ஒருத்தரும் இல்லாத நாளில் இதைச் செய்வீர்களா? தவில் சத்தத்தில் தலை வெடிக்கும்போது சிரித்த முகமாக வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நிற்பதைத் தனியாக யாரும் செய்யமாட்டார்கள். வலுக்கட்டாயமாகக் கண்ணைப் பார்த்துப் பேசுவதும் அப்படித்தான். அவற்றை விடலாம், மெதுவாக, பத்திரமான இடத்தில் தொடங்கி. சாவியை ஒரே ஆணியில் மாட்டுவது, அலாரம், நோட்டு, இவையெல்லாம் தனியாக இருந்தாலும் வேண்டும். அவற்றைத் தொடாதீர்கள்.

அந்தத் தம்பி அலாரங்களைத் திரும்ப வைத்தாரா என்று தெரியவில்லை. அடுத்த மாதம் வந்தால் கேட்கவேண்டும். எழுதி வைத்திருக்கிறேன்.

கல்யாண வீட்டில் அறிவிப்பது

பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே வளவில் இருக்கிறார்கள், ஒரே தடவையில் சொல்லி முடித்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பந்தியில் இலை போடும்போது சொன்னேன். ஒரு பெரியம்மா, "அது சின்னப் பிள்ளைகளுக்கு வர்றதுல்ல?" என்றார். இன்னொருவர் எனக்கு ஜாதகம் பார்க்கச் சொன்னார். பாயசம் வருவதற்குள் என் மகளுக்கு வரன் அமையுமா என்பதில் பேச்சு போய் நின்றது. முதலில் ஒருவரிடம் சொல்லுங்கள், அதுவும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கத் தெரிந்தவரிடம்.

அப்பச்சியைக் கூண்டில் ஏற்றுவது

"ஏன் அப்பவே கவனிக்கல?" என்று அப்பச்சியிடம், அதாவது அப்பாவிடம், கேட்க எல்லோருக்கும் தோன்றும். கோபம் நியாயம்தான். ஆனால் ஏ.டி.ஹெச்.டி. என்று முடிவு செய்ய, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று டாக்டர் கேட்பார். ஆட்டிசத்துக்கும் சின்ன வயதுக் கதை வேண்டும். அதற்குச் சாட்சி நம்மை வளர்த்தவர்கள்தான். ஆட்டிசம் பற்றிக் கேட்க டாக்டர் அப்பச்சியை அழைத்தபோது, நான் அவரோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. கடைசியில் அயித்தைதான் வந்து செருப்புக் கதையைச் சொன்னார்.

சட்டம் துணைக்கு வரும் என்று இருப்பது

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு. ஏ.டி.ஹெச்.டி. தனியாக இல்லை. இது தெரியாமல் மேலாளரோடு மோதாதீர்கள்.

முதல் மாதமே வேலையை விடுவது

வேண்டாம்.

சொந்தக்காரர்களுக்கெல்லாம் டயக்னோசிஸ் சொல்வது

அந்த வேலை டாக்டருடையது. சட்டைப் பையில் ஒன்று, திண்ணையில் ஒன்று என்று ஐயா எப்போதும் இரண்டு சிட்டை ஏன் வைத்திருந்தார் என்று எனக்கும் ஒரு யோசனை உண்டு. அதை நான் வெளியே சொல்வதில்லை.