வாரத்துக்கு ரெண்டு தம்தானே என்பவர்களுக்கு: எண்ணிக்கையை விடுங்கள், இடத்தைப் பாருங்கள்

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்தேன், ஒரு தம் கூடத் தொடவில்லை, அப்புறம் நான் எப்படி அடிமை? இந்த வாதத்தைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதைவிட அதிகமாக நானே சொல்லியிருக்கிறேன். சிங்கப்பூர் டேங்க் ரோடு முருகன் கோயிலில் பால்குடம் இறக்கி, இடும்பன் பூஜையும் முடிந்து மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே, காப்பிக்கடைக்கு வெளியே புகைக்க ஒதுக்கி மஞ்சள் கோடு போட்ட கட்டத்துக்குள் நின்று ஊதிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

அந்த 48 நாளில் சிகரெட்டோடு சேர்த்து பீர், வெள்ளிக்கிழமைக் கூட்டம், ஓவர்டைம் முடிந்து வெளியே போய்ச் சாப்பிடுவது எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தேன். தம் ஞாபகத்தைக் கிளப்புகிற எதுவும் பக்கத்தில் இல்லை, அதனால் கஷ்டமும் இல்லை. அவை திரும்பி வந்த அன்றைக்கே இதுவும் கூடவே வந்துவிட்டது.

தினமும் ஒரு பாக்கெட் ஊதுகிறவரின் கதை வேறு. ரத்தத்தில் ஏறிய நிக்கோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும், அதனால் அவர் அளவு இறங்காமல் பார்த்துக்கொள்ள அடுத்தடுத்து பற்றவைக்கிறார், தூங்கி எழுந்ததும் கை தானாக லைட்டரைத் தேடுகிறது. நிக்கோட்டினுக்கு எவ்வளவு அடிமை என்று அளக்க ஃபாகர்ஸ்ட்ரோம் சோதனை என்று ஒன்று உண்டு, ஆறே கேள்வி, அதில் முக்கியமானது எழுந்த எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பது. நம்மைப் போல எப்போதாவது அடிக்கிறவர் அதை எழுதினால் சைபர் மதிப்பெண் வரும், அல்லது ஒன்று. நமக்கும் குஷியாகிவிடும். ஆனால் நம்மைப் பிடித்து வைத்திருப்பது கடிகாரம் இல்லை. ஒவ்வொரு இழுப்பும் சில வினாடிகளில் மூளைக்குப் போய் டோபமைன் என்கிற, இன்னும் வேண்டும் என்று தூண்டுகிற ரசாயனத்தைக் கிளப்புகிறது, அந்த நேரத்தில் எதிரே இருந்த ஆள், கையிலிருந்த பீர், நின்ற இடம் எல்லாவற்றையும் மூளை ஒரே முடிச்சாகப் போட்டுவைக்கிறது. அடுத்த முறை அதில் ஒன்றைப் பார்த்தாலே போதும், மிச்சத்தையும் கேட்கும்.

சிங்கப்பூரில் இந்த முடிச்சு இன்னும் இறுக்கம் என்பது என் எண்ணம். வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) புளோக்குகளின் கீழ்த்தளத்தில் கூடாது, பஸ் ஸ்டாப்பில் கூடாது, 2019 ஜனவரியிலிருந்து ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒதுக்கிய இடங்களைத் தவிர எங்கும் கூடாது, 2022 ஜூலையிலிருந்து பூங்காக்களிலும் கூடாது. நல்ல சட்டங்கள்தான், எனக்குக் குறையில்லை. ஆனால் அடிக்கிறவர்கள் எல்லோரும் குறிப்பிட்ட நாலைந்து மூலைகளில்தான் போய் நிற்கிறோம், அந்த மூலையைக் கடந்தாலே நாக்கு ஊறுகிறது.

சரி, என்ன செய்வது? முதலில் எத்தனை என்று எண்ணுவதை நிறுத்துங்கள். "இந்த வாரம் மூணுதான்" என்கிற கணக்கு நமக்கு நாமே கொடுத்துக்கொள்கிற சான்றிதழ், வேறொன்றும் இல்லை. டிஃப்ரான்சா என்கிற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் பதின்ம வயதினரை ஆராய்ந்தபோது, தினமும் புகைக்கத் தொடங்கும் முன்பே சிலருக்குப் பிடி விழுந்துவிடுவதைப் பார்த்தார்கள். அவர்கள் போட்ட பட்டியலில் பத்துக் கேள்வி, எல்லாம் ஆமாம் இல்லை ரகம், ஒன்றுக்கு ஆமாம் என்றாலே கட்டுப்பாடு கொஞ்சம் நழுவியிருக்கிறது என்று அர்த்தம். விட முயன்று முடியாமல் போனதா, அடிக்காத நேரத்தில் எரிச்சல் வருகிறதா, கவனம் சிதறுகிறதா என்று போகும். எனக்கு இரண்டுக்கு ஆமாம் வந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டம் கேன்சல் ஆன ஒரு ராத்திரி மனைவியிடம் காரணமே இல்லாமல் சிடுசிடுத்தேன், நண்பர்களைப் பார்க்க முடியாத ஏமாற்றம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அவர்களில் இருவரை மறுநாளே தேக்காவில் (லிட்டில் இந்தியா) பார்க்கப் போகிறேன் என்பது எனக்கு அப்போதே தெரியும், ஆக ஏங்கியது தம்முக்குத்தான்.

அடுத்து, இரண்டு வாரத்துக்கு போனில் குறித்து வையுங்கள். ஆசை வந்த ஒவ்வொரு தடவையும் எங்கே, யாரோடு, அதற்கு முன்னால் என்ன நடந்தது, இவ்வளவுதான். அடித்தீர்களா இல்லையா என்பதுகூட வேண்டாம். என் குறிப்பில் பாதிக்கு மேல் ஒரே ஆள், ஒரே இடம்: சாயங்காலம் ஆறரை மணி, மேலாளரோடு மீட்டிங் முடிந்து வந்ததும் சக ஊழியர் ஒருவர் மேசையோரம் வந்து நின்று "அண்ணே, கீழ போலாமா?" என்பார். சிகரெட் என்ற வார்த்தையே அதில் கிடையாது.

இங்கே ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். அதே ஆளோடு அதே நேரத்துக்குக் கீழே இறங்குங்கள், கையில் கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) மட்டும் வைத்துக்கொண்டு மஞ்சள் கட்டத்துக்கு எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள். பத்து நிமிடம் மேலாளரைத் திட்டிவிட்டு மேலே வாருங்கள். டென்ஷன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள், எனக்கு ஏறக்குறைய முழுசாகவே குறைந்தது. வெளிக்காற்று, நிதானமான மூச்சு, பேச ஓர் ஆள், இந்த மூன்றும் செய்த வேலைக்கான பேரை இத்தனை நாள் சிகரெட் தட்டிக்கொண்டு போயிருக்கிறது. (கட்டத்துக்குள் நிற்கிறவர் இந்தப் பக்கம் வர மாட்டார்தான், கோடு தாண்டினால் அபராதம். கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டியிருக்கும்.)

பாக்கெட் விஷயம் தனி. இங்கே இருபதுக்குக் குறைவாக விற்கக்கூடாது, பாக்கெட் பதினைந்து சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல், அதனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் ஓசி தம் ஆசாமிகள். வாங்காதவரை நாம் ஸ்மோக்கர் இல்லை என்று ஒரு நினைப்பு. ஆறு மாதம் ஓசி அடித்தபின் வெட்கப்பட்டு, கடனைத் தீர்க்கிறேன் என்று ஒரு பாக்கெட் வாங்குவோம், அதில் ஏழெட்டு மிஞ்சி அலுவலக டிராயருக்குள் போகும். என் டிராயரில் அந்தக் கலங்கிய பழுப்பு நிற அட்டைப்பெட்டி, பயமுறுத்தும் படத்தைக் கீழே குப்புறப் போட்டு, ஸ்டேப்ளருக்குப் பின்னால் மூன்று வாரம் கிடந்தது. மொத்தம் நாலுதான் அடித்தேன், ஆனால் டிராயரைத் திறக்காமலே ஒரு நாளைக்கு எத்தனை முறை அதை நினைத்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆகவே கடனை வேறு விதமாகத் தீருங்கள், ஒரு தே தாரிக்கும் (ஆற்றிய பால் டீ) பரோட்டாவும் வாங்கிக் கொடுங்கள்.

மறுக்கும்போது "இன்னிக்கு வேணாம்" என்று சொல்லாதீர்கள், அது நாளைக்கு வா என்று கூப்பிடுவது. "நான் அடிக்கிறதில்லண்ணே" என்று சொல்லுங்கள். இதே வாக்கியத்தைத்தான் இவ்வளவு நாளும் அடித்துக்கொண்டே மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தோம், இப்போது நீட்டுகிறவரின் காதில் விழும்படி சொல்கிறோம். முதல் தடவை சிரிப்பார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு என்னிடம் யாரும் நீட்டவில்லை.

ஆசை வந்துவிட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். அதோடு சண்டை போடாமல் எங்கே உறுத்துகிறது, தொண்டையா விரலா என்று கவனித்துக்கொண்டிருந்தால் சீக்கிரம் கரைகிறது. பீர் கையில் இருக்கும்போது மட்டும் இந்த வித்தை பலிக்காது, என் அனுபவத்தில் ஒருமுறைகூட பலிக்கவில்லை. முதல் ஒரு மாதம் குடியையும் தள்ளிவைப்பதுதான் வழி.

வேப் (மின்சிகரெட்) பக்கம் போய்விடாதீர்கள். 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம், அதிலும் பெரும்பாலும் இருப்பது இதே நிக்கோட்டின்தான்.

எப்போதாவதுதானே, உடம்புக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 2018இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பின்படி, தினம் ஒன்றே ஒன்று அடிப்பவருக்கும் இருபது அடிப்பவரின் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது, இருபதில் ஒரு பங்கு இல்லை. அதே இதழில் 2014இல் வந்த இன்னொன்று, விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்ததைக் காட்டியது.

நடுவில் ஒன்று அடித்துவிட்டால் "போச்சு, இனி திங்கட்கிழமை பார்த்துக்கலாம்" என்கிற பேச்சு மண்டைக்குள் ஓடும். அந்த ஒன்றைவிட ஆபத்து அந்தப் பேச்சுதான், அடுத்த ஐந்துக்கு அதுதான் லைசென்ஸ். குறிப்பில் இடத்தையும் ஆளையும் எழுதிவிட்டு அன்றைக்கே தொடருங்கள். தனியாக முடியவில்லை என்றால் புகைப்பதை விட உதவும் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தொலைபேசிச் சேவை, குவிட்லைன் இருக்கிறது, 1800 438 2000. எனக்கு எப்போதாவதுதான் பழக்கம் என்று கூச்சப்படாமல் கூப்பிடலாம்.

அப்புறம், விரதம் இருப்பவர்களுக்கு. மாலை கழற்றுகிற அன்று ராத்திரி எங்கே, யாரோடு சாப்பிடப் போகிறீர்கள் என்பதை முந்தின வாரமே முடிவு செய்துவையுங்கள். நான் போன முறை அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். மாமா சிகரெட் தொடாதவர், அவர்கள் புளோக்கைச் சுற்றி எங்கேயும் மஞ்சள் கோடு கிடையாது, திரும்பி வரும்போது கடைசி ரயில்.