பனங்காடையில் தொடங்கி ஆங்கியோர்னிஸ் வரை: இறகுள்ள டைனோசரை வரையும் முறை

டைனோசர் வரையத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பற்களையும் செதில்களையும் முதலில் வரைகிறார்கள். பறவைகள் இரண்டு கால்களில் நடந்த தெரோபாட் டைனோசர்களின் வழிவந்தவை என்பதால், உயிருள்ள ஒரு பறவையை முதலில் வரைந்து பழகுவதே நல்ல வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தப் பயிற்சிக்கு நம் ஊர் மின்கம்பிகளில் காணக்கூடிய பனங்காடையையும், சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் கிடைத்து 2009-இல் பெயரிடப்பட்ட ஆங்கியோர்னிஸ் என்ற சிறு டைனோசரையும் எடுத்துக்கொள்வோம். வரைதாள், எச்பி, 2பி பென்சில்கள், அழிப்பான், வண்ணப் பென்சில்கள் ஆகியவை போதும்.

படி 1: பறவையின் உடற்கோடு

அலகிலிருந்து வால் நுனி வரை ஒரு சாய்கோட்டை மெல்லிதாக இழுத்து, அதன் மேல் உடலுக்கு ஒரு முட்டை வடிவத்தையும் தலைக்கு ஒரு வட்டத்தையும் வரையுங்கள். பனங்காடைக்குத் தலை பெரிது, அமர்ந்திருக்கும்போது கழுத்து தெரிவதே அரிது. ஆகவே வட்டம் முட்டையை ஒட்டியே இருக்கட்டும். அலகைத் தடிமனாகவும் நுனியில் சற்றே வளைந்ததாகவும் காட்டுங்கள்.

படி 2: கால்

இந்தப் படியை அவசரமின்றிச் செய்யுங்கள். பறவையின் காலில் பின்னோக்கி மடங்குவதாகத் தெரியும் மூட்டை முழங்கால் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கணுக்கால். தொடையும் முழங்காலும் உடலை ஒட்டி இறகுகளுக்குள் மறைந்திருக்கின்றன, தரையில் படுபவை விரல்கள் மட்டுமே. முட்டை வடிவத்துக்குள்ளேயே தொடை எலும்பை முன்னோக்கி ஒரு கோடாக வரைந்து, அதன் முனையில் முழங்காலைக் குறித்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணுக்காலுக்கும், பிறகு கீழே விரல்களுக்கும் இறங்குங்கள். தெரோபாடுகளின் காலும் இதே அமைப்பில்தான் இருந்தது என்பதால், இங்கே செலவிடும் நேரம் டைனோசரை வரையும்போது முழுமையாகப் பயன்படும்.

படி 3: இறகும் நிறமும்

விரிந்த சிறகின் நீண்ட இறகுகளில் வெளிப்புறத்தவை கை எலும்புகளிலும் உட்புறத்தவை முன்கை எலும்பிலும் பொருந்தியுள்ளன. அவற்றின் அடிப்பகுதியைக் குட்டை இறகுகள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக மூடுகின்றன. ஒவ்வோர் இறகையும் தனித்தனியாக வரையாமல், இந்தத் தொகுதிகளின் எல்லைகளை முதலில் பிரித்துக்கொண்டால் சிறகு ஒழுங்காக அமையும்.

பனங்காடையின் நீலம் நிறமியால் வருவதன்று. இறகின் நுண்ணிய கட்டமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது. அமர்ந்திருக்கையில் பழுப்பு மேலோங்கித் தெரியும் இப்பறவை, பறக்கும் கணத்தில் வெளிர்நீலப் பட்டைகளும் கருநீலப் பட்டைகளுமாகச் சிறகை விரிப்பது எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி. வெளிர்நீலத்தை முதலில் சீராகப் பூசி, கருநீலத்தை இறகின் போக்கிலேயே அடுக்கடுக்காக ஏற்றுங்கள்.

படி 4: ஆங்கியோர்னிஸின் உருவம்

ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இவ்விலங்கு காக்கையளவே இருந்தது. அதே முட்டை வடிவத்தைக் கிடைமட்டமாக வைத்து, பின்னால் எலும்புள்ள நீண்ட வாலைச் சேர்த்து, இடுப்பு மூட்டின் முன்னும் பின்னும் எடை சமமாகத் தோன்றுகிறதா என்று பாருங்கள். அலகுக்குப் பதிலாகச் சிறு பற்களுள்ள குறுகிய முகமும், நகங்களுள்ள மூன்று விரல்களும் வேண்டும். உள்ளங்கைகள் ஒன்றையொன்று நோக்கியிருக்கட்டும். உள்ளங்கை தரையை நோக்கித் திரும்பிய கைகள் தெரோபாடுகளுக்குப் பொருந்தா. கைகளில் மட்டுமன்றிக் கால்களிலும் நீண்ட இறகுகள் இருந்தன, பாதங்களும் இறகுகளால் மூடப்பட்டிருந்தன. இறகு நுனிகளைக் கூர்மையாக்காமல் உருண்டையாக முடியுங்கள்.

படி 5: புதைபடிவம் சொல்லும் நிறம்

இறகுகளில் மெலனின் நிறமியைத் தாங்கும் மெலனோசோம் என்ற நுண்துகள்கள் புதைபடிவங்களிலும் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் நீண்டவை கறுப்பையும் சாம்பலையும், உருண்டையானவை செம்பழுப்பையும் சுட்டுகின்றன. 2010-இல் வெளியான ஆய்வு இதைக் கொண்டு, ஓர் ஆங்கியோர்னிஸின் உடல் கருஞ்சாம்பலாகவும், உச்சிக்கொண்டை செம்பழுப்பாகவும், சிறகின் நீண்ட இறகுகள் வெண்ணிறமாய்க் கறுப்பு நுனியோடும் இருந்ததாகக் கண்டது. வெண்மைக்குத் தாளை அப்படியே விட்டுவிட்டு, நுனிகளை மட்டும் 2பி பென்சிலால் அழுத்தித் தீட்டுங்கள். கொண்டைக்குச் செம்பழுப்பை இடும்போது கீழே சிறிது மஞ்சளைப் பூசிக்கொண்டால் நிறம் உயிர்பெறும்.

அடுத்து, இறகுள்ள மற்றொரு சிறு டைனோசரான மைக்ரோராப்டரை வரையலாம். அதன் இறகுகள் மினுமினுக்கும் கறுப்பு என்று 2012-இல் தெரியவந்தது. அதை வரைவதற்கு முன் வெயிலில் நிற்கும் ஒரு காக்கையைக் கவனித்து, கறுப்பின் மேல் நீலமும் ஊதாவும் எந்த இடங்களில் ஒளிர்கின்றன என்று குறித்துக்கொண்டு, அவ்விடங்களுக்கு நீலத்தை முதலில் பூசி, சுற்றிலும் கறுப்பை ஏற்றுங்கள்.