டால்பின் காணாத நாளையும் எழுதுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை கோத்தகிரிக்குக் கொஞ்சம் கீழே, ரோட்டோரக் கல்சுவரில் மூன்று கல்லூரிப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தேன். எதிரே தேயிலைச் சரிவு, அதற்கடியில் சோலைக்காட்டின் ஓரம். இரண்டு மணி நேரம் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்து, வருகிற காட்டெருமைகளைக் குறிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அடுத்த மாதம் இவர்கள் ராமேஸ்வரத்தை ஒட்டிய மண்டபம் பக்கம் டால்பின் கணக்கெடுப்புக்குப் போகிறார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு மலையில் என்ன பயிற்சி என்று ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பார்க்கவும் பார்த்ததை எழுதவும் பழகுவதற்குக் கடல் வேண்டியதில்லை.

எட்டரைக்கு நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். இருபது வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய அதே நோட்டு, கையெழுத்து மட்டும் வேறு. அந்த எரிச்சலில்தான், கணக்கெடுப்புக்குப் புதிதாகப் போகிறவர்கள் செய்கிற, நானும் செய்த தவறுகளை ஒவ்வொன்றாக எழுத உட்கார்ந்தேன்.

தொப்பி, தண்ணீர், லைஃப் ஜாக்கெட், வாந்தி மாத்திரை பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பஸ் எத்தனை வளைவு திரும்பினாலும் அசையாத நம் ஊர்ப் பிள்ளைகள், வல்லம் என்கிற மீன்பிடிப் படகில் ஏறிய அரை மணி நேரத்தில் குப்புறப் படுத்துவிடுவார்கள். உடம்பு அப்படி. இரண்டு நாளில் பழகிவிடும்.

துள்ளும்போது படம் எடுப்பது

வாட்ஸ்அப்பில் போட நன்றாக இருக்கும், வேலைக்கு ஆகாது. டால்பினை, அதாவது மீனவர்கள் சொல்லும் ஓங்கிலை, ஒவ்வொன்றாக அடையாளம் காண்பது முதுகுத் துடுப்பை வைத்துத்தான். துடுப்பின் பின்விளிம்பில் வெட்டும் பிசிறும் இருக்கும். நம் ஊர்க் காட்டெருமையைக் காது கிழிசலை வைத்து ‘இது அன்னைக்கு ரேஷன் கடை பக்கம் வந்தது’ என்று சொல்கிறோமே, அதே மாதிரி. துடுப்பு கேமராவுக்கு நேர் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று கிடைத்தால் நல்லது.

வெட்டு எதுவும் இல்லாத துடுப்பையும் எடுங்கள். புதியவர்கள் அடையாளம் உள்ளதை மட்டும் துரத்தித் துரத்தி எடுப்பார்கள். கூட்டத்தில் எத்தனை பங்கு அடையாளம் இல்லாதவை என்று தெரியாவிட்டால், அடையாளம் உள்ளவற்றை வைத்து மொத்தத்தை மதிப்பிட முடியாது.

கேமரா கடிகாரம்

தினமும் கிளம்பும்போது முதல் படமாக ஜிபிஎஸ் திரையில் தெரியும் நேரத்தைப் படம் எடுத்துவிடுங்கள். கேமரா கடிகாரம் எவ்வளவு தள்ளி ஓடினாலும் பின்னால் சரிசெய்துகொள்ளலாம்.

காணாத நேரத்தை எழுதாமல் விடுவது

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டில் இருந்தது இரண்டே வரி. ‘7.10 – காட்டெருமை 5. 7.55 – காட்டெருமை 2, அதில் ஒன்று கன்று.’

“எப்போ பார்க்க ஆரம்பிச்சீங்க?”

“ஆறரை இருக்கும் அக்கா.”

“ஆறே முக்கால்ல இருந்து ஏழு வரைக்கும் மூட்டம் இறங்கி, சரிவே தெரியலையே. அது எங்கே?”

“அப்போ ஒண்ணும் வரலையே அக்கா. அதனால எழுதல,” என்றாள் மூவரில் ஒருத்தி.

அந்தக் கால் மணி நேரத்தில் ஒன்றும் வரவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இருபது மாடு நடந்து போயிருந்தாலும் தெரிந்திருக்காது. எட்டு மணிக்கு மூவரும் டீ குடிக்கப் போனதும் நோட்டில் இல்லை. மூவரில் ஒருவர் கடைசி அரை மணி நேரம் போனில் இருந்தார். அதையும் யாரும் எழுதவில்லை.

அந்தப் பெண்ணின் அம்மா தேயிலை பறிக்கப் போகிறவர். “இன்னைக்கு நூறு கிலோ இலைன்னு ஒருத்தர் சொன்னா, தோட்டத்துல நல்லா கொழுந்து விட்டிருக்குன்னு அர்த்தமா?” என்று கேட்டேன். “எத்தனை பேர் பறிச்சதுன்னு தெரியாம எப்படிக்கா சொல்றது?” என்றாள். சொல்லிவிட்டு அவளே நோட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள்.

என் கதைக்கு வருகிறேன். தொண்டிப் பக்கம் பாக் நீரிணையில் நாலு மாதம் வல்லத்தில் சுற்றினேன். டால்பின் தெரிந்தால் நேரம், இடம், எத்தனை, என்ன செய்தது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். படம்கூட வரைந்து வைத்திருந்தேன். தெரியாத நாளில் நோட்டைத் திறக்கவே இல்லை. சில நாள் தேதியே கிடையாது. கரைக்கு வந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, ஆய்வு வழிகாட்டியிடம் பெருமையாக நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “எத்தனை மணி நேரம் தேடினீங்க?”

எனக்குத் தெரியாது.

அடுத்த வருடம் வேறொரு குழு அதே கடலில் இறங்கியது. அவர்களுக்கு என்னுடையதில் பாதிகூடத் தென்படவில்லை. டால்பின் குறைந்துவிட்டதா என்று என்னைக் கேட்டார்கள். குறைந்திருக்கலாம். நான் அவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் கடலில் இருந்திருக்கலாம். அவர்கள் காற்று அடித்த நாட்களில் போயிருக்கலாம். என் நாலு மாத வேலையை வைத்து இந்த மூன்றில் எது என்று சொல்ல முடியவில்லை. ஒரு கடலில் ஓர் உயிரினம் குறைகிறதா இல்லையா என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைக் கேள்வியே. அதற்குப் பதில் சொல்லக்கூடிய வாய்ப்பை, தேடிய நேரத்தை எழுதச் சோம்பல்பட்டுத் தொலைத்தேன். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. வல்லத்துக்காரர் ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். மீன் வாசனை ஏறி, ஓரமெல்லாம் டீசல் கறை பட்ட நாற்பது பக்க நோட்டு. ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருந்தார். கிளம்பின நேரம், கரை ஏறின நேரம், டீசல் எத்தனை லிட்டர், எத்தனை ஆள். மீன் கிடைக்காத நாளில் ‘பாடு இல்லை’ என்று எழுதிக் கோடு போட்டிருந்தார். “பாடு இல்லாத நாளுக்கும் டீசல் எரியுதுல்லம்மா? அதை எழுதலைன்னா நட்டம் எங்கே போச்சுன்னு எப்படித் தெரியும்?” என்றார். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் கொஞ்சமில்லை.

அந்த நோட்டை வைத்துக் கடலில் இருந்த நேரத்தை ஓரளவு மீட்டேன். ஆனால் கடலில் இருந்த நேரமும் தேடிய நேரமும் ஒன்றில்லை. அவர் வலை இழுக்கும்போது நான் கை கொடுத்திருக்கிறேன். மதியம் சாப்பிட்டிருக்கிறேன். தூங்கியும் இருக்கிறேன். அதெல்லாம் அவர் நோட்டில் எப்படி இருக்கும்?

ஆகவே, நோட்டில் முதலில் எழுத வேண்டியது டால்பினை இல்லை. ‘தேடல் தொடக்கம்’ என்று நேரமும் இடமும் போடுங்கள். அப்புறம் அரை மணிக்கு ஒரு தரம், டால்பின் வந்தாலும் வராவிட்டாலும், ஒரு வரி: நேரம், ஜிபிஎஸ் புள்ளி, படகின் வேகம், எத்தனை பேர் பார்க்கிறார்கள், அலை எப்படி, சூரியன் எந்தப் பக்கம் கூசுகிறது. அங்கங்கே வெள்ளை நுரை தலைகாட்டினால், காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபர்ட் அளவில் 3. அதற்கு மேல் போனால் துடுப்பும் அலையும் ஒரே மாதிரி தெரியும். தேடலை நிறுத்திவிட்டு, நிறுத்தினோம் என்று எழுதுங்கள். டால்பின் கூட்டம் தெரிந்து படம் எடுக்க நின்றாலும் தேடல் நின்றுவிட்டது என்றுதான் கணக்கு. சாப்பிடும்போது தற்செயலாக ஒன்று தென்பட்டால் எழுதலாம், ஆனால் ‘தேடலுக்கு வெளியே’ என்று தனியாகக் குறியுங்கள். இரண்டையும் கலந்தால் மணிக்கு எத்தனை, கிலோமீட்டருக்கு எத்தனை என்ற கணக்கு கெட்டுவிடும்.

மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் பக்கம் பாக் நீரிணையை வடகடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்பார்கள். வாடைக் காற்றில் வடகடல் கொந்தளிக்கும், தென்மேற்குப் பருவத்தில் அடிக்கும் கச்சான் காற்றில் தென்கடல். வாடை மாதத்தில் வடகடலில் ஒன்றும் காணவில்லை என்று எழுதிவிட்டு, பக்கத்தில் காற்றின் நிலவரத்தை எழுதாமல் விட்டால், பின்னால் படிப்பவர் அந்தக் கடலே காலி என்று நினைத்துக்கொள்வார்.

தெரிந்த முதுகை எண்ணுவது

ஐந்து துடுப்பு ஒன்றாகத் தெரிந்தால் கூட்டம் ஐந்து என்று எழுதுவது. மீதி தண்ணீருக்குள் இருக்கும். நின்று நிதானமாகப் பார்த்து மூன்று எண் எழுதுங்கள்: குறைந்தது, அதிகபட்சம், உங்கள் மனதுக்குச் சரியென்று படுவது. குட்டிகளைத் தனியாக.

எல்லாவற்றையும் ‘டால்பின்’ என்று எழுதுவது

நம் கரையோரத்தில் அடிக்கடி பார்க்கிறவை சில வகைதான். கூன்முதுகு டால்பினுக்கு முதுகில் நீளமான மேடு, அதன் மேல் சின்னத் துடுப்பு. மூச்சு விட வரும்போது நீண்ட மூக்கு முதலில் வெளியே நீட்டும். குப்பிமூக்கு டால்பினுக்கு அந்த மேடு கிடையாது, துடுப்பு உயரமாகப் பின்னால் வளைந்திருக்கும். கடற்பன்றிக்கு முதுகுத் துடுப்பே இல்லை, மூக்கும் மழுங்கல். கறுத்த ரப்பர் டியூப் ஒன்று உருண்டு மறைந்த மாதிரி இருக்கும். லேசாகச் சிற்றலை அடித்தாலே அதைத் தவறவிட்டுவிடுவோம்.

நிச்சயமில்லாவிட்டால் ‘வகை தெரியவில்லை’ என்று எழுதுங்கள். என் முதல் வருட நோட்டில் அந்த இரண்டு சொல் ஓரிடத்தில்கூட இல்லை. எல்லாமே எனக்குத் தெரிந்திருக்கிறது!

மீனவரிடம் முதல் கேள்வியாகவே ஆவுளியாவைக் கேட்பது

ஆவுளியா என்கிற கடல்பசு, டால்பின் எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. பிடித்தால் சிறை. நோட்டும் பேனாவுமாக ஊர் தெரியாத ஒருவர் வந்து ‘ஆவுளியா வலையில் பட்டதா’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? ‘இல்லை’தான். அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி வந்தவள்தான்.

முதலில் கடல்புல் எங்கே அடர்த்தியாக இருக்கிறது என்று கேளுங்கள். எந்த மாதம் எந்த வலை விடுகிறார்கள், பேராமை எங்கே மேய்கிறது என்று கேளுங்கள். ஆவுளியாவும் அந்தப் புல்லைத்தான் தின்கிறது, மேய்ந்த இடத்தில் தடம் விட்டுப் போகும். பேச்சு அங்கே தானாக வந்து சேரும். வலையில் சிக்கியதை விடுவித்த மீனவர்களை வனத்துறை பணம் கொடுத்துப் பாராட்டியிருக்கிறது, அந்தக் கதையைச் சொல்லப் பலருக்கு ஆசை உண்டு. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடல் 2022 செப்டம்பரில் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது, நாட்டிலேயே முதலாவது. தடை வந்து பிழைப்பு போய்விடுமோ என்ற பயம் அங்கே சிலருக்கு இருக்கும். அதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஆவுளியா முதல் குட்டி போடவே பல வருடம் ஆகும், சிலவற்றுக்குப் பத்து வயதும் தாண்டிவிடும், வயிற்றில் ஒரு வருடத்துக்கு மேல் சுமக்கும், அடுத்த குட்டிக்குச் சில வருடம் இடைவெளி. அந்தக் கடலில் வலையில் மூச்சு முட்டிச் சாகும் ஒவ்வொரு தாயையும் ஈடுகட்ட எத்தனை காலம் பிடிக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அதனால் மீனவர் வாயால் வரும் ஒரு தகவலைக்கூட இழக்க நமக்குக் கட்டுப்படியாகாது.

கிட்டப் போவது

போகாதீர்கள். அவையாக வந்தால் வரட்டும்.

கரை ஒதுங்கியதைக் கடலுக்குள் தள்ளுவது

நல்ல மனதோடு செய்யும் தவறு இது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாட்டை ஒட்டிய கரைகளில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கின. பைலட் திமிங்கலம் என்கிற வகை, டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஊர் மக்களும் மீனவர்களும் இரவெல்லாம் பாடுபட்டு இழுத்துப் போய் விட்டார்கள். பல மறுபடியும் கரைக்கே வந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாத பிராணி அது. தனியாக ஒதுங்குகிற டால்பினும் பெரும்பாலும் நோயோடோ காயத்தோடோதான் வந்திருக்கும்.

வாலில் கயிறு கட்டாதீர்கள், துடுப்பைப் பிடித்து இழுக்காதீர்கள், எலும்பு பிசகிவிடும். வயிறு தரையில் படும்படி நிமிர்த்தி வையுங்கள், பக்கத் துடுப்புகளுக்கு அடியில் மணலைக் குழியாகப் பறித்துவிடுங்கள். நிழல் கட்டி, ஈரத் துணி போடுங்கள். பழைய வேட்டி போதும். தலையின் உச்சியில் இருக்கும் மூச்சுத்துளையை மட்டும் மூடாதீர்கள், அதற்குள் தண்ணீர் போகவிடாதீர்கள். மீன்தானே, தண்ணீர் ஊற்றினால் பிழைக்கும் என்று குடத்தைக் கவிழ்க்க ஓர் ஆளாவது வருவார். அவரைத் திட்டாதீர்கள். குடத்தைக் கையில் வாங்கி, துணியை நனைக்கிற வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். இன்னொருவர் வனத்துறைக்குப் போன் போடட்டும். செல்ஃபிக்காரர்களை நாய்களோடு சேர்த்துத் தள்ளி நிறுத்துங்கள்.

செத்திருந்தால் வெறும் கையால் தொட வேண்டாம். மேல்தாடை நுனியிலிருந்து வால் நடுவில் இருக்கும் வெட்டு வரை நாடாவை நேராகப் பிடித்து அளந்து, இரண்டு பக்கமும் படம் எடுத்து, தேதியும் நேரமும் இடமும் எழுதுங்கள். அன்றைக்கு அந்தக் கரையில் எங்கிருந்து எங்கே வரைக்கும் நடந்தீர்கள் என்பதையும்.