கோணத்தை விரலுக்குக் கொண்டுவருவது

பார்வை போன பிறகு நான் முதலில் செய்து கொடுத்தது ஒரு சாமி படச் சட்டம். ராமேஸ்வரத்தில் சங்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு. மூன்று மூலை அருமையாகச் சேர்ந்தது. நாலாவதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆசாரி, இதுக்குள்ள எறும்பு குடித்தனம் நடத்தும் போலிருக்கே" என்றார். இத்தனைக்கும் ஒவ்வொரு வெட்டிலும் பிழை ஒரு டிகிரிதான். ஆனால் ஒரு சட்டத்துக்கு எட்டு வெட்டு. எட்டு டிகிரியும் கடைசி மூலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பாம்பனில் படகு வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, கண் நீர் அழுத்தத்தால் 36 வயதில் பார்வை முழுதும் போனது. டிகிரி பொறித்த கருவியெல்லாம் அன்றோடு வெறும் தகரம். வாய்விட்டு டிகிரி சொல்லும் கருவிகளும் இருக்கின்றன. அது எண்ணைச் சொல்லும், இரண்டு மரமும் சேர்கிறதா என்று சொல்லாது. நான் கோணத்தை நீளமாக மாற்றிக்கொள்கிறேன். நீளம் என்றால் விரலுக்குப் புரியும்.

முதலில், 90 டிகிரி பார்க்கும் உங்கள் மூலைமட்டத்தையே நம்பாதீர்கள். நேரான பலகை ஓரத்தில் அதை வைத்துக் கத்தி நுனியால் ஒரு கோடு கீறுங்கள். மட்டத்தைப் புரட்டிப் போட்டு, அதே இடத்திலிருந்து இன்னொரு கோடு. நகத்தை ஓட்டினால் ஒரே கீறலாகத் தெரிய வேண்டும். மேலே போகப் போக இரண்டாகப் பிரிந்தால் மட்டம் கோணல். கோடு எப்போதும் கத்தியால்தான். பென்சில் கோட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கீறலில் நகம் விழும், உளியும் விழும்.

அளவுக்கு ஓர் இரும்பு ஸ்கேலில் 10 மில்லிமீட்டருக்கு ஒன்றாக முக்கோண அரத்தால் வெட்டு போட்டு வைத்திருக்கிறேன். 45 டிகிரி வேண்டுமா? சரியான மூலையிலிருந்து இரண்டு ஓரத்திலும் 200 மில்லிமீட்டர் தள்ளி ஒவ்வோர் ஆணி. ஸ்கேலை இரண்டு ஆணியிலும் சாய்த்துவிட்டுக் கீறினால் முடிந்தது. எட்டு மூலைப் பெட்டிக்கு 22.5 டிகிரி: ஒரு பக்கம் 200, மறுபக்கம் 83. ஆறு மூலைக்கு 30 டிகிரி: 200க்கு 115.5. அந்த அரை மில்லிமீட்டருக்கு ஸ்கேல் உதவாது. அதற்குத்தான் 6 எம்எம் போல்ட். அதன் சாதாரண மரையில் நட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் சரியாக 1 மில்லிமீட்டர் நகரும். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். இதைவிடத் துல்லியமான அளவுகோலை இந்தக் காசுக்கு யாரும் தர மாட்டார்கள்.

ரம்பத்தால் கோட்டின் மேலேயே அறுக்க முயலாதீர்கள். 2 மில்லிமீட்டர் தள்ளி அறுத்துவிட்டு, மிச்சத்தை இழைப்புளியால் சீவி எடுங்கள். அறுக்கும்போது காது முக்கியம். ரம்பம் நேராக ஓடினால் ஒரே சுருதி, சாய்ந்தால் கீச்சிடும். (2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு மறுபடியும் ரயில் சத்தம். ரயில் கடந்து போகும்வரை ரம்பத்தை நிறுத்திவிடுகிறேன்.)

சீவுவதற்கு ஒரு பலகை செய்துகொள்ளுங்கள். இழைப்புளி பக்கவாட்டில் படுத்தபடி ஓட ஒரு தடம். தடத்துக்கு மேலே ஒரு படி. படியின் மேல் 45 டிகிரிக்கு வெட்டிய, நன்றாகக் காய்ந்த பூவரசங்கட்டை ஒன்று. கட்டையின் ஒரு முனையை ஒரே ஒரு திருகாணியில் பொருத்துங்கள். அங்கிருந்து 200 மில்லிமீட்டர் தள்ளி, கட்டையின் முதுகில் முட்டும்படி அந்த 6 எம்எம் போல்ட்டை நிறுத்துங்கள். மூன்றரைச் சுற்றுக்கு ஒரு டிகிரி நகரும். போல்ட் தலைக்கு ஆறு பக்கம். ஒரு பக்கம் திருப்பினால் ஒரு டிகிரியில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. திருப்பிய பிறகு கட்டையைக் கிளாம்பு போட்டு இறுக்கிவிடுங்கள். மரத்தைப் பிடிக்கும் கை கட்டைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், இழைப்புளி ஓடும் தடத்துக்குப் போகவே கூடாது.

தட்டைச் சட்டம் என்றால் இரண்டாவது துண்டைக் கவிழ்த்து வைத்து அதே கட்டையில் சீவலாம். பூவேலை ஓடிய சட்டத்துக்கு அது ஆகாது, எதிர்ப்பக்கத்துக்கு இன்னொரு கட்டை வேண்டும்.

அப்புறம் சோதனை. சீவிய இரண்டு துண்டையும் சேர்த்து மூலைமட்டத்துக்குள் வையுங்கள். ஒரு துண்டின் பிழை இங்கே இரண்டாகத் தெரியும். தினசரி காலண்டர் தாள் ஒன்றை எடுத்து உள்மூலையிலும் வெளிமூலையிலும் நுழைத்துப் பாருங்கள். எங்கே நுழைகிறதோ அங்கே இடைவெளி. போல்ட்டை ஒரு பக்கம் திருப்பி, மறுபடி சீவி, மறுபடி தாள். எந்தத் திசையில் திருப்பினால் வெளிமூலை மூடுகிறது என்பதை ஒருமுறை கண்டுகொண்டு, போல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கீறல் போட்டு வையுங்கள்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அன்று சீவிய துண்டை அன்றே சோதியுங்கள். மரம் அகலத்தில்தான் ஊதும், நீளத்தில் ஏறக்குறைய இல்லை. அதனால் ஐப்பசி மழை ஈரத்தில் வெளிமூலை வாய் திறக்கும். பங்குனி வெயிலில் உள்மூலை திறக்கும். போன மாதம் செய்த சட்டம் திறந்துகொண்டது என்பதற்காக நான் ஒருமுறை போல்ட்டைத் திருகினேன். தை மாதம் முழுக்க அதைத் திரும்பத் திருகிக்கொண்டிருந்தேன்.