வயிற்று நீர் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி: முதலில் பார்க்க வேண்டிய எண்

கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்துக்கொண்ட ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறீர்களா? இது உங்களுக்காக எழுதியது. அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர், திசையன்விளை என்று எல்லாப் பக்கமிருந்தும் இப்படிப்பட்டவர்களைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறார்கள். வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். திரும்பி வரும் ரிப்போர்ட்டில் வரிசையாகப் பல எண்கள் இருக்கும். அதில் ஒன்றையாவது கூட இருப்பவர் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவர் வேலையை நாம் செய்வதற்காக இல்லை. வயிற்று நீரில் கிருமித் தொற்று வந்துவிட்டால் தாமதம் உயிரை எடுக்கும், அதனால்தான்.

படி 1. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

குடலிலிருந்து வரும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. அதில் கிருமிகளும் கிருமித் துணுக்குகளும் கொஞ்சம் கலந்தே வரும். கல்லீரலுக்குள் குடியிருக்கும் குப்ஃபர் செல்கள் அவற்றைப் பிடித்து விழுங்கிவிடும். கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால் ரத்தம் எளிதில் உள்ளே நுழைய முடியாது. பாளையங்கால்வாய் தூர்ந்தால் தண்ணீர் கரையை உடைத்து வேறு வழி தேடுவது போல, ரத்தமும் பக்கத்துக் குழாய்கள் வழியே சுற்றிப் போய்விடும். வடிகட்ட ஆளில்லாமல் கிருமி உடம்பெங்கும் பரவும், வயிற்று நீரிலும் போய்த் தங்கும்.

அப்போது சண்டைக்கு வர வேண்டியவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள். வரத்தான் செய்கின்றன. ஆனால் கிருமியை விழுங்கிக் கொல்லும் திறன் அவற்றுக்குக் குறைந்திருக்கும். கிருமியை அடையாளம் காட்டும் புரதங்களைச் செய்வதும் கல்லீரல்தான், அதுவும் குறைந்துபோயிருக்கும். இன்னொரு பக்கம், ஓயாமல் வந்துகொண்டிருக்கும் கிருமித் துணுக்குகள் இந்த அணுக்களை எப்போதும் உசுப்பிவிட்டுக்கொண்டே இருக்கும். தேவையில்லாத அழற்சி, தேவையான நேரத்தில் தளர்ச்சி: இரண்டும் ஒரே உடம்பில். 'எதிர்ப்பு சக்தி கூட்டும்' என்று யாராவது பொடியோ லேகியமோ கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

படி 2. எப்போது நீரைச் சோதிக்கக் கேட்க வேண்டும்

வயிற்றில் நீர் உள்ளவரை எந்தக் காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், சேர்த்ததும் நீரைச் சோதிப்பதுதான் முறை. வீட்டில் இருக்கும்போது காய்ச்சல், வயிற்று வலி, பகலெல்லாம் தூக்கம், சம்பந்தமில்லாத பேச்சு, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே கிளம்புங்கள். காய்ச்சலே இல்லாமலும் தொற்று இருக்கும். ஒரு வாரம் பச்சிலை கொடுத்துப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

"நீர் எடுத்தா சத்தெல்லாம் போயிரும் அண்ணாச்சி" என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்வார். சோதனைக்கு எடுப்பது சில பத்து மில்லிதான். லிட்டர் கணக்கில் எடுத்தால்தான் ஈடுகட்ட ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தை ஏற்றுவார்கள்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கான நீரை, எடுத்த இடத்திலேயே கல்ச்சர் பாட்டிலில் விட்டால் கிருமி பிடிபடும் வாய்ப்பு கூடும். இதை நர்ஸிடம் பணிவாகக் கேட்டுக்கொள்ளலாம்.

படி 3. கணக்குப் போடுங்கள்

இதுதான் முக்கியம், நிதானமாகப் படியுங்கள். நீர் ரிப்போர்ட்டில் 'டோட்டல் கவுண்ட்' என்ற வரியைத் தேடுங்கள், அது வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கை. அதற்குக் கீழே 'பாலிமார்ப்ஸ்' அல்லது 'நியூட்ரோஃபில்ஸ்' (இரண்டும் ஒன்றுதான்) என்று ஒரு சதவீதம் இருக்கும். இரண்டையும் பெருக்கி 100-ஆல் வகுங்கள்.

டோட்டல் கவுண்ட் 800, பாலிமார்ப்ஸ் 70 சதவீதம் என்றால் 560. ஒரு கன மில்லிமீட்டரில் 250-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ தொற்று என்றே எடுத்துக்கொண்டு ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். கல்ச்சர் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. தொற்று உள்ளவர்களிலும் பலருக்குக் கல்ச்சரில் கிருமி வளராது.

டோட்டல் கவுண்டை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். கவுண்ட் 900 இருந்து பாலிமார்ப்ஸ் 10 சதவீதம் என்றால் 90 தான். கவுண்ட் வெறும் 400 இருந்து பாலிமார்ப்ஸ் 80 சதவீதம் என்றால் 320, அதுதான் அவசரம். நீரில் ரத்தம் கலந்திருந்தால், ஒவ்வொரு 250 சிவப்பணுவுக்கும் ஒரு நியூட்ரோஃபிலைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். இவர்களுக்கு மண்ணீரல் வீங்கி வெள்ளணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரத்தத்தில் கவுண்ட் வழக்கமாகவே குறைவாக இருக்கலாம். வழக்கமாக 2,500 இருப்பவருக்கு 7,000 வந்தால் தாளில் 'நார்மல்' என்றுதான் தெரியும். அவருக்கு அது நார்மல் இல்லை. பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

படி 4. மற்ற வரிகள்

லிம்போசைட் என்ற வேறு வகை வெள்ளணு அதிகம் என்றால் காசநோயையும் யோசிப்பார்கள். நம் நாட்டில் அது சாதாரணம், அதைக் கண்டறிய ஏ.டி.ஏ. என்ற சோதனையும் சொல்லலாம். நீரில் புரதம் 100 மில்லிக்கு 1.5 கிராமுக்குக் கீழே என்றால் தொற்று வரும் வாய்ப்பு கூடுதல். ரத்த ஆல்புமினிலிருந்து நீரின் ஆல்புமினைக் கழித்து 1.1 அல்லது அதற்கு மேல் வந்தால், கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியதால் சேர்ந்த நீர் என்று பொருள். சரி, இவ்வளவு போதும்.

படி 5. 48 மணி நேரம் கழித்து

மருந்து தொடங்கி இரண்டு நாள் ஆனதும், மறுபடி நீர் எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். நியூட்ரோஃபில் எண்ணிக்கை கால் பங்காவது குறைந்திருக்க வேண்டும். 560 இருந்தது 420-க்குக் கீழே வரவில்லை என்றால் மருந்தை மாற்றுவதா, குடலில் ஓட்டை ஏதும் உண்டா என்று மருத்துவர்கள் யோசிப்பார்கள். சிறுநீரகத்தைக் காக்க முதல் நாளும் மூன்றாம் நாளும் ஆல்புமின் ஏற்றுவது வழக்கம். விலை கூடிய மருந்துதான், ஆனாலும் ஏற்றச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு முறை தொற்று வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். வீட்டுக்கு அனுப்பும்போது தடுப்புக்காக மாத்திரை எழுதிக் கொடுத்தால் நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், சிறுநீரகம் கெடும். அல்சர் மாத்திரையும் மருத்துவர் சொன்னால் மட்டும்தான். அப்புறம், நீங்கள் போட்ட கணக்கை ஒவ்வொரு முறையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவர் பார்த்தாலும் அந்த நோட்டை முதலில் அவர் கையில் கொடுங்கள்.