பழைய பூங்காவைச் சீரமைக்கும்போது ஜேசிபி கடைசியில்தான் வரவேண்டும்

1760-இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக்கில் திப்பு, பின்னாளில் தோட்டத்தைக் கவனித்த கேமரன், கிரும்பீகல் என்று ஒவ்வொரு காலத்தின் வேலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கிறது. பெங்களூரில் இப்படிப்பட்ட தோட்டத்தின் ஒரு மூலை புதர் மண்டிக் கிடந்தால், "முதல்ல சுத்தம் பண்ணிடுவோம்" என்பார்கள். பாதிச் சேதம் அந்த வாரத்திலேயே நடந்துவிடும்.

மார்ச் மாதத்தில் செங்காந்தளும் காட்டுக்கருணையும் தரைக்கு மேலே தெரியாது. கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். ஜேசிபி ஏறினால் கிழங்கு நசுங்கும், பழைய வாய்க்காலும் ஓரக்கல்லும் பெயர்ந்துவிடும். ஆகவே ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுங்கள். முளையடித்துக் கயிறு கட்டி 10 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, முளைப்பதையெல்லாம் வரைபடத்தில் குறியுங்கள். மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் எடுங்கள்.

உண்ணிச்செடியைத் தரையோடு வெட்டினால் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும், ஏனென்றால் துளிர்க்கும் பகுதி தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்தில் இருக்கிறது. அதற்கு 3 முதல் 5 செ.மீ. கீழே தாய்வேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். பழம் பழுக்கும் முன்பே செய்துவிடுவது நல்லது. பறவைகள் எச்சமிடும் மரங்களுக்கடியில் மட்டும் இரண்டு மூன்று வருடம் நாற்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பெரிய மரங்களைக் கெடுப்பது பெரும்பாலும் அக்கறைதான். வாழைக்கு மண் அணைப்பதுபோல அடிமரத்தில் மண்ணைக் குவிப்பார்கள். பட்டை ஈரத்தில் அழுகும். அடிமரம் விரியத் தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குறுக்களவு ஒரு அங்குலத்துக்கு ஒரு அடி என்று கணக்கு வைத்து, 30 அங்குல மரம் என்றால் சுற்றிலும் 30 அடிக்குள் பள்ளம் தோண்டாதீர்கள். புல்தரை போட்டுத் தினமும் தெளிப்பான் ஓட்டுவதும் வேண்டாம், மழையை நம்பி வளர்ந்த வேர் மூச்சுமுட்டும். கிளை வெட்டிய இடத்தில் தார் பூசும் பழக்கத்தை யார் தொடங்கினார்களோ!

பூங்காவின் பழைய சுவர்களைப் பழுதுபார்க்க வரும் கொத்தனார் சிமென்டைக் கலக்கும்முன் தடுத்துவிடுங்கள். சுண்ணாம்புக் கட்டடத்தின் செங்கல் சிமென்டைவிட மிருது. சிமென்ட் அடைத்தால் ஈரம் செங்கற்களுக்கு இடையிலுள்ள சந்து வழியே வெளியேற முடியாமல் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, முகம் பொரிந்து உதிரும். நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. சந்து அடைத்ததும் ஈரச்சாக்கு போர்த்தி ஒரு வாரமாவது காக்க வேண்டும். கனமழை மாதங்களில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

காய்ந்து நிற்கும் மரத்தையும் அனுமதி கேட்காமல் சாய்க்கக் கூடாது. 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; ஒப்பந்ததாரரிடம் வேலையை ஒப்படைக்கும்முன்பே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.